நேட்டோவுக்காக விருந்து வைத்தவர்கள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு வரன் அமைந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம் என்றால் குடும்பத்தோடு வந்துவிடுவோம். உன் முழங்கால் வலியை மட்டும் தள்ளிப்போடாதே, கல்யாண அலைச்சலுக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடு.

சரி, நீ சண்டைக்கு இழுத்த விஷயத்துக்கு வருகிறேன். போலந்து நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது அமெரிக்க ஆயுதக் கம்பெனிகள் ஆள் வைத்துச் செய்த வேலை, அதில் மக்களுக்குப் பங்கே இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஆள் இருந்தது உண்மைதான். பெயர் புரூஸ் ஜாக்சன். 1996-இல் நேட்டோ விரிவாக்கத்துக்கான அமெரிக்கக் குழு என்று ஒன்றை வாஷிங்டனில் தொடங்கி, அதன் தலைவராக இருந்தார். அதே காலத்தில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் உயர் அதிகாரி. எஃப்-16 போர் விமானம் செய்கிற அதே நிறுவனம்.

அந்தக் குழு ஊர்வலம் போகவில்லை, பொதுக்கூட்டம் போட்டுக் கூட்டம் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தம் நிறைவேற வேண்டுமானால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நூறு பேரும் வந்தால் 67. அந்த 67 பேரைப் பிடித்தால் போதும். அதனால் செனட்டர்களையும் கிழக்கு ஐரோப்பிய அமைச்சர்களையும் சிறு சிறு விருந்துகளில் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். பகலில் ஆயுதக் கம்பெனி வேலை, இரவில் விருந்து. இதில் ரகசியம்கூட எதுவும் கிடையாது. வாக்கெடுப்புக்கு முன்பே, 1998 மார்ச்சில், நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதிவிட்டது. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றையும் சேர்க்கும் ஒப்பந்தம் ஏப்ரல் 30 அன்று 80-க்கு 19 என்று நிறைவேறியது. புதிதாக யாரையும் சேர்ப்பதை மூன்று வருடம் நிறுத்தி வைக்கலாம் என்று செனட்டர் ஜான் வார்னர் கொண்டுவந்த திருத்தம் 41 வாக்கோடு தோற்றது.

இதுவரை உன் பக்கம்தான். ஆனால் போலந்தின் தலைநகரான இந்த வார்சாவிலேயே வாழ்கிறவன் என்ற முறையில் மீதியையும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் தேதியும் சரியாக மாலை 5 மணிக்கு வார்சா முழுக்கச் சங்கு ஊதும். 1944-இல் ஜெர்மானியருக்கு எதிராக நகரம் கிளர்ந்தெழுந்த நேரம் அது. ஒரு வருடம் அந்த நேரத்தில் நான் டிராமில் இருந்தேன். ஓட்டுநர் நடுத்தெருவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி, கையில் காய்கறிப் பை. அதைக் கீழேகூட வைக்காமல் நின்றார். வெளியே கார்கள் நின்றுவிட்டன. சங்கு ஓய்ந்ததும் யாரும் எதுவும் பேசவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கிளர்ச்சி அறுபத்து மூன்று நாள் நடந்தது. சோவியத் படை ஆற்றின் அக்கரை வரை வந்தும் நகரத்தைக் காப்பாற்றவில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1939-இல், பிரிட்டனும் பிரான்சும் கைகொடுப்போம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனி உள்ளே புகுந்ததும் செப்டம்பர் 3 அன்று அதன் மேல் போர் அறிவித்தார்கள். போலந்தைக் காப்பாற்றும்படி படை எதுவும் வரவில்லை. 17-ஆம் தேதி கிழக்கிலிருந்து ஸ்டாலினின் படையும் உள்ளே வந்துவிட்டது.

இந்த ஜனங்களுக்கு நேட்டோ வேண்டும் என்று சொல்லித்தர வெளியாள் தேவைப்படவில்லை, சண்முகம். 1990-களில் இங்கே எடுத்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை ஆதரவாகவே இருந்தது. ஹங்கேரியில் 1997 நவம்பரில் பொதுவாக்கெடுப்பே நடத்தினார்கள், வாக்களித்தவர்களில் 85 சதவீதம் பேர் சரி என்றார்கள். அமெரிக்காவிலும் போலந்து வம்சாவளிச் சங்கங்கள் பல வருடமாகச் செனட்டர்களை விடாமல் நச்சரித்தன. 1999-க்குள் முதல் நாடுகளைச் சேர்ப்போம் என்று அதிபர் கிளின்டன் அறிவித்தது எந்த ஊரில் தெரியுமா? டெட்ராய்ட்டில், 1996 அக்டோபரில், தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால். அந்தப் பக்கமெல்லாம் போலந்து வம்சாவளி வாக்காளர்கள் நிறையப் பேர்.

1999 மார்ச் 12 அன்று மிசூரி மாநிலத்தில், ட்ரூமன் நூலகத்தில், சேர்க்கைப் பத்திரத்தைக் கொடுத்தவர் போலந்து வெளியுறவு அமைச்சர் கெரெமெக். ஜெர்மானியர் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா சேரியிலிருந்து சிறுவனாகத் தப்பியவர். வாங்கிக்கொண்டவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட். பிராகில் பிறந்து, சிறு குழந்தையாக லண்டனுக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர். அந்த இரண்டு பேருக்கும் இது வியாபாரம் என்று நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால்தான் ஜாக்சன் மேல் எனக்குக் கோபம் உன்னைவிட அதிகம். வரன் பார்க்கிற தரகரே நகைக்கடையிலும் பங்குதாரர் என்றால், நல்ல சம்பந்தத்தைக்கூட ஊர் சந்தேகத்தோடுதானே பார்க்கும்? அவர் மனதார நம்பியே செய்திருக்கலாம்; முன்னாள் ராணுவ அதிகாரி, நம்பிக்கை இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குழுத் தலைவர் பதவிக்கு வந்த அன்றே கம்பெனி வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. 2003 ஏப்ரலில் போலந்து 48 எஃப்-16 விமானங்களை 350 கோடி டாலருக்கு வாங்கியது. பணமும் அமெரிக்க அரசே கடனாகக் கொடுத்தது. போதாதா? ஒரு நாட்டின் அறுபது வருடத்து நியாயமான பயத்தை ஒரே வரியில் ஒதுக்கித் தள்ள உனக்கும் மாஸ்கோவுக்கும் சாக்கு கிடைத்துவிட்டது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். 2002-இல் ஈராக் விடுதலைக் குழு என்று ஒன்று தொடங்கினார்கள், தலைவர் அதே ஜாக்சன். 2003 பிப்ரவரியில், நேட்டோ வாசலில் காத்திருந்த பத்து நாடுகள் ஈராக் விஷயத்தில் அமெரிக்காவுக்கு ஆதரவாக ஓர் அறிக்கை விட்டன. அதை எழுதுவதிலும் அவர் கை இருந்தது. உள்ளே வரக் காத்திருப்பவனிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் அவன் மாட்டேன் என்பானா? ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட போலந்து ஈராக்குக்குப் படையே அனுப்பியது. இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இறந்தார்கள். தன் எல்லையைக் காக்கச் சேர்ந்த கூட்டணிக்காக, தனக்குச் சம்பந்தமில்லாத பாலைவனத்தில்.

இன்னொரு பக்கம், 2025 செப்டம்பரில் ரஷ்ய ட்ரோன்கள் எல்லை தாண்டி வந்த இரவு. விடியும்போது இங்கே ஷோபன் விமான நிலையம் மூடிக் கிடந்தது. அவற்றைத் தடுக்க மேலே பறந்தவை போலந்தின் எஃப்-16-களும் நெதர்லாந்தின் எஃப்-35-களும். இரண்டுமே லாக்ஹீட் தயாரிப்பு. 1939-இல் வராத கூட்டாளி இந்த முறை வந்தான் என்று எங்கள் மாடி வீட்டுக்காரர் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அவரிடம் போய் நான் ஜாக்சன் கதையைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீ அரசியல் பாடம் நடத்துகிறவன்.

சோவியத் விவகாரங்களில் பழுத்த அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் கென்னன் 1997 பிப்ரவரியில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படி. விரிவாக்கம் பெரும் பிழை, ரஷ்யாவில் தேசியவாதத்தைத்தான் கிளப்பிவிடும் என்று எச்சரித்தார். அவரை எந்தக் கம்பெனியோடும் சேர்த்துப் பேச முடியாது. உன் வாதத்தை அவர் மேல் கட்டு, அப்போது எனக்குப் பதில் சொல்வது நிஜமாகவே கஷ்டமாக இருக்கும்.

அன்புடன்,
ராஜாராம்
வார்சா