சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். அத்தையின் முட்டிவலி தேவலையா? இங்கே குளிர் குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாக மூடிக் கிடக்கும். சாப்பிட்டுவிட்டு ரைன் ஆற்றங்கரையில் நடப்போம், அவ்வளவுதான் பொழுதுபோக்கு.

அந்தக் கரையில்தான் சிற்பி ழான் டிங்கெலியின் மியூசியம் இருக்கிறது. 1925-இல் பிறந்து, இந்த ஊரில் வளர்ந்தவர். கடை ஜன்னல்களை அலங்கரிக்கும் தொழில் பழகியவர், பிறகு பழைய இரும்பில் கைவைத்தார். பழைய சக்கரம், பெல்ட், மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து வெல்டிங் அடித்து, ஓடும் சிற்பங்கள் செய்தார். அவை எதையும் உற்பத்தி செய்யாது. ஆடும், தட்டும், கிறீச்சிடும். 1960-இல் நியூயார்க்கில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை ஓட்டினார். தீயணைப்பு வீரர்கள் வந்து அணைக்க வேண்டியதாயிற்று!

உங்களுக்குக் காட்ட ஆசைப்படுவது 1987-இல் அவர் செய்த பெரிய சிற்பம். படியேறி உள்ளேயே நடக்கலாம். அதன் பெரிய சக்கரங்களில் பல, ஃபவுண்டரியில் இரும்பு வார்க்க மணலில் அச்சுப் பதிக்க வைத்திருந்த மர பேட்டர்ன்கள், மாமா! பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான். இங்குள்ள பல சிற்பங்களுக்குத் தரையில் பொத்தான் உண்டு. காலால் மிதித்தால் மோட்டார் முனகும், பெல்ட் படபடக்கும், சக்கரம் கோணலாக ஒரு சுற்று வரும். உங்கள் பட்டறையில் ஷாஃப்ட் ஒரு நூல் ஆடினாலும் நீங்கள் பிரித்துப் போட்டுவிடுவீர்கள். இவர் அந்த ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார். அதனால் ஒரு சுற்று போல மறு சுற்று இருக்காது. குழந்தைகள் திரும்பத் திரும்ப மிதிப்பார்கள். எனக்கும் அலுப்பதில்லை. தொழில் தெரியாதவனால் இப்படிச் செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

அப்புறம், ஊர் நடுவில் ஒரு நீரூற்று. இடித்த நாடக அரங்கின் மேடை இயந்திரத் துண்டுகளைக் கொண்டு 1977-இல் கட்டினார். பத்து இரும்பு உருவங்கள். அதில் ஒன்று தண்ணீரை அள்ளி அள்ளித் தண்ணீரிலேயே கொட்டுகிறது. வேலைக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்க்கிறார்கள்.

சரி, ஒரு வேண்டுகோள். பக்கத்து ஃபவுண்டரியில் பழைய பேட்டர்ன்களை விறகுக்குப் போடுவதாகச் சொன்னீர்களே, நல்ல சக்கரமாக இரண்டு எடுத்து வையுங்கள். டிசம்பரில் வருகிறேன். பட்டறையில் உட்கார்ந்து நாமும் ஒன்று செய்வோம்.

அன்புடன்,
சரவணன்