டிஸ்க் கெட்டுப்போகவில்லை பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அப்பாயியின் எண்பதாவது பிறந்தநாள் படங்கள் கிடைத்துவிட்டன. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "என்னாலதான் போச்சுப்பா" என்று போனில் நீ அழுததிலிருந்து எனக்கும் உன் அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை. மொத்தம் 412 படங்கள். அதில் மூன்றுதான் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகத் திறக்கின்றன, மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கின்றன. அந்த மூன்றும் சாப்பாட்டுப் பந்தியில் எடுத்தவை, வேறு கோணத்தில் எடுத்ததும் இருக்கிறது. அதனால் கவலைப்படாதே.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அன்றைக்கு ராத்திரி பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு, படங்களைப் போட்டிருந்த வெளி டிஸ்க்கின் கேபிளை உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். காலையில் ஸ்டுடியோவில் அதை மாட்டிவிட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். விண்டோஸ் வருவதற்கு முன்பே, டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்று ஆங்கிலத்தில் வந்தது. சில விநாடிதான் அவகாசம். நான் அழுத்தவில்லை, சோதிப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓடி முடித்த பிறகு திறந்து பார்த்தால் 'அப்பாயி 80' ஃபோல்டரையே காணோம். அப்புறம்தான் உனக்குப் போன் செய்தேன்.

பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். மாட்டிப் பார்த்த ஒரே நிமிஷத்தில் "டிஸ்க் போச்சு சார், ஃபார்மேட் போட்டுத் தர்றேன்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு சரி என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. உன் லேப்டாப் விண்டோஸ் 10, நம் ஸ்டுடியோ கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. சிக்கல் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் என்ன செய்வார்? முதலில் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதுவார், அப்புறம்தான் பணத்தைப் பையில் போடுவார். நடுவில் கரண்ட் போய்க் குழப்பமானாலும் நோட்டைப் பார்த்துக் கணக்கைச் சரி செய்துவிடலாம். நம் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஃபைல்களின் கணக்கில் எந்த மாற்றமாக இருந்தாலும் முதலில் லாகில், அதாவது தன் மொய் நோட்டில், எழுதிக்கொள்ளும். திடீரென்று கேபிளை உருவினால், அடுத்த முறை மாட்டும்போது அந்த லாகைப் படித்து, பாதியில் நின்ற வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது இந்த நோட்டு எழுதும் முறையை மாற்றிவிட்டார்கள். அதுவரை லாகின் பதிப்பு 1.1, அதற்கப்புறம் 2.0. வேகத்துக்காகச் செய்தது. விண்டோஸ் 7 இதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்தது, அதற்கு 2.0 படிக்கத் தெரியாது. இது அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து டிஸ்க்கை முறையாகக் கழற்றும்போது புதிய விண்டோஸே லாகைப் பழைய 1.1 முறைக்கு மாற்றி வைத்துவிட்டுப் போகும்படி செய்திருக்கிறார்கள். நாம் சொல்லாமல் உருவிவிட்டால் 2.0 அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோஸ் 7 நோட்டைத் திறக்கிறது, எழுத்து புரியவில்லை. சரி, பையைக் கொட்டி ஒவ்வொரு ரூபாயாக எண்ணிவிடுவோம் என்று உட்கார்ந்துவிடுகிறது. செக்டிஸ்க் செய்தது அதைத்தான். எண்ணும்போது எந்த உறையில் இருந்தது என்று தெரியாத பணத்தைத் தனியே ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டது.

அந்த மூலையின் பெயர் 'ஃபவுண்ட்.000'. மறைந்திருக்கும் ஃபோல்டர், அதனால்தான் முதலில் கண்ணில் படவில்லை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய், மறைந்திருப்பதையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னதும் மங்கலாக ஒரு மஞ்சள் ஃபோல்டர் தெரிந்தது. அதற்குள் 'டிஐஆர்0000.சிஎச்கே' என்று இன்னொன்று. பெயரைப் பார்த்தால் குப்பை என்றுதான் தோன்றும். திறந்தேன். ஐஎம்ஜி என்று நீ எடுத்த வரிசை எண்களோடு படங்கள் அப்படியே இருந்தன. முதல் படத்தை க்ளிக் செய்ததும் அப்பாயி, மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், நெற்றியில் திருநீறோடு, உன் கையைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

உடனே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அது முடியும் வரை இந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நீயும் இந்த வரிசையை மறக்காதே: முதலில் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்.

இனிமேல் இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய விண்டோஸ் சோதிக்கட்டுமா என்று கேட்டால் அந்தச் சில விநாடிக்குள் ஏதாவது பட்டனை அழுத்தி நிறுத்திவிட வேண்டும். டிஸ்க்கைத் திரும்ப அதை எழுதிய புதிய விண்டோஸிலேயே மாட்டினால், தன் எழுத்தைத் தானே படித்துச் சரிசெய்துகொள்ளும். பிறகு சேஃப்லி ரிமூவ் கொடுத்துக் கழற்றினால் பழைய விண்டோஸும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். போன வாரம் உன் தம்பி லேப்டாப்பில் நானே செய்து பார்த்தேன். ஒரு தடவை வேண்டுமென்றே உருவினேன் (காலி டிஸ்க்தான், பயப்படாதே), ஸ்டுடியோவில் சோதனை கேட்டது. திரும்ப லேப்டாப்பில் மாட்டி முறையாகக் கழற்றிக் கொண்டுவந்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பல்லாம் சேஃப்லி ரிமூவ் தேவையில்லப்பா" என்று நீ சொன்னது முழுக்கத் தப்பில்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்குக் குயிக் ரிமூவல்தான் (சொல்லாமலே கழற்றலாம் என்ற அமைப்பு) இயல்பான அமைப்பு. காப்பி செய்த ஃபைல் பெரும்பாலும் உடனே டிஸ்க்குக்குப் போய்விடும். ஆனால் லாகைப் பழைய முறைக்கு மாற்றும் வேலை முறையாகக் கழற்றும்போதுதான் நடக்கிறது. ஒரே விண்டோஸில் புழங்குகிற டிஸ்க்குக்கு இது பெரிய விஷயமில்லை. நம்முடையது இரண்டு வீட்டுக்கும் போய் வருகிற டிஸ்க்.

போன மாதம் உன் லேப்டாப்பில் விண்டோஸோடு இருக்கிற இன்னொரு சிஸ்டமான உபுண்டுவிலிருந்து டி ட்ரைவில் எழுத முடியவில்லை, படிக்க மட்டும்தான் விடுகிறது என்றாயே, அதுவும் இதன் பங்காளிதான். விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் முழுக்க அணையாமல் பாதி தூக்கத்தில் இருக்கும், ட்ரைவ்களின் கணக்கையும் கையிலேயே வைத்திருக்கும். அந்த நிலையில் வேறொரு சிஸ்டம் உள்ளே எழுதினால் நாசம், அதனால்தான் உபுண்டு மறுக்கிறது. அதை மீறி எழுத வழி தேடாதே. என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது, அது லாகைத் துடைத்துவிட்டு அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கட்டும் என்று குறித்து வைக்கும், செக்டிஸ்க் செய்கிற வேலையை அது செய்யாது. பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டன்கள் பக்கத்துக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடு. அலுவலக லேப்டாப்பில் அதற்கு அனுமதி இல்லையென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடு, அல்லது ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குப் போ.

டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ஸுக்குப் பதில் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்று உன் தம்பி சொல்கிறான். எனக்கு அதில் சம்மதமில்லை. எக்ஸ்ஃபேட்டில் மொய் நோட்டே கிடையாது. எழுதும்போது உருவினால் பார்த்துச் சரிசெய்ய எதுவும் இருக்காது.

விண்டோஸ் 7-ஐத் தூக்கிப்போடச் சொல்லாதே. நம் நெகட்டிவ் ஸ்கேனருக்கு அதற்குமேல் ட்ரைவர் கிடைக்கவில்லை. அப்பாயி கல்யாண நெகட்டிவ் இன்னும் இரண்டு டப்பா பாக்கி இருக்கிறது. 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் சேர்ப்பதில்லை, ஸ்கேன் செய்ய மட்டும்தான்.

அடுத்த மாதம் வரும்போது ஒரு புது டிஸ்க் வாங்கி வா, படங்கள் இரண்டு இடத்தில் இருக்கட்டும். பஸ்ஸுக்கு அரை மணி முன்னாலேயே லேப்டாப்பை எடுத்து வைத்துவிடு, டிஸ்க்கை நானே கழற்றித் தருகிறேன். அப்பாயியிடம் படங்கள் போனதைச் சொல்லவே இல்லை. உன் கையைப் பிடித்திருக்கிற அந்த முதல் படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், தலைமாட்டில் சாத்தி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா