முயல் மசால் விதையை ஏன் கலந்து தருகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த ஆடிப்பட்டத்துக்கு, ஆட்டுத் தீவனச் செடியான முயல் மசாலின் விதை வாங்கியவர்களில் பலர், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு விதமா இருக்கே, கலப்படமா?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தெரிந்தேதான் கலந்திருக்கிறோம். இரண்டும் முயல் மசால் இனங்கள்தான்: நீளமான கொக்கி உள்ளது ஹமாட்டா, மற்றது ஸ்கேப்ரா.

போன கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருவர் தன் காட்டிலிருந்து ஒரு கொத்து முயல் மசாலைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இலையெல்லாம் புள்ளி, நடுவில் சாம்பலாக வெளுத்து, ஓரம் கரும்பழுப்பாக இருந்தது. தண்டில் கருத்திருந்த இடத்தை லேசாக வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. ஆடு தின்ன வேண்டிய தழை பாதிக்கு மேல் தரையில் கொட்டிவிட்டதாம். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய் அது. மழைத்துளி தெறித்தே செடிக்குச் செடி போய்விடும், விதையோடும் வரும். அது நாங்கள் கொடுத்த விதை, ஒரே ரகம். அன்றைக்கு மனசே சரியில்லை.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற ஒரே முயல் மசால் இனத்தையே நம்பியிருந்த மேய்ச்சல் நிலங்களை 1970களில் இந்த நோய் அழித்தது. அப்புறம் வெரானோ, சீக்கா, ஃபிட்ஸ்ராய் என்று புது ரகங்கள் வந்தன. ஃபிட்ஸ்ராயும் சீக்கிரமே நோயில் விழுந்தது. செடி தாங்கத் தாங்க, பூஞ்சாணமும் மாறிக்கொண்டே வருகிறது. ஒரே ரகமாக விதைத்த காட்டில், அந்த ரகத்தை ஜெயிக்கும் பூஞ்சாண வகை ஒன்று வந்துவிட்டால் போதும், மிச்சம் எதுவும் இருக்காது.

அதனால் ரகம் உருவாக்குபவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். புள்ளியே விழாத செடியை மட்டும் தேடாமல், புள்ளி விழுந்தாலும் நோயை மெதுவாகவே பரவவிடும் செடிகளையும் பொறுக்கினார்கள். ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்து விதைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 1990இல் வந்த சிரான் ரகம், ஸ்கேப்ராவிலேயே மூன்று விதங்களின் கலவை. பிரேசிலின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா 2000இல் வெளியிட்ட கேம்போ கிராண்டே ரகத்தில் எடைக்கு 80 சதவீதம் கேப்பிட்டாட்டா, 20 சதவீதம் மேக்ரோசெபாலா என்று இரண்டு இனங்கள்.

எங்கள் கலவை அவ்வளவு பெரிய ஆராய்ச்சியில் பிறந்ததில்லை. நோயே வராது என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டோம். ஒன்று அடிபட்டாலும் மற்றது ஆட்டுக்குத் தழை கொடுக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. ஹமாட்டா சீக்கிரம் தழைத்துவிடும். ஸ்கேப்ரா மெதுவாக வந்தாலும் வேர் ஆழமாகப் போய் வறட்சியில் நிற்கும்.

புள்ளி விழுந்த காட்டில் விதை எடுத்து வைக்காதீர்கள். போன வருஷம் எங்களிடம் வாங்கி நோய் கண்டவர்களுக்கு இந்தக் கலவை விதையைக் காசில்லாமல் தருகிறோம். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள்.