வீட்டுத்தோட்டச் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளரின் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் வழமைபோல் கோயில் முன்றலில் நடந்தது. கூட்டுப்பசளைப் பயிற்சியும் சிரமதானமும் நடந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று வந்ததால் சில மாதக் கூட்டங்கள் தள்ளிப்போயின.

நமது தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் உள்ள சரிவில் நாம் போட்ட டிராகன் பழ வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போன பொதுக்கூட்டத்தில் இதற்கு இரண்டு எதிர்ப்புகள் வந்தன. கள்ளியை வீட்டருகே வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஒன்று. வெயில் பூமிப் பயிர் நமது குளிருக்கு வராது என்பது மற்றது. நம்மில் பலர் இரவில் பூக்கும் கடுபுல் பூ விரிவதை விடிய விடிய விழித்திருந்து பார்க்கிறோம். அதுவும் கள்ளிக் குடும்பம்தான், வீட்டில் வைத்து யாரும் கெட்டுப்போகவில்லை. டிராகன் செடியும் பாலைவனத்துச் செடி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரம்பற்றி ஏறும் கொடி அது. பண்டாரவளைப் பக்கம் நாம் இருப்பது 4000 அடி உயரத்தில். வெல்லவாய போன்ற சூட்டுப் பிரதேசத்தைவிட இங்கே மெதுவாக வளரும் என்பது உண்மை. ஆனால் வளர்கிறது, காய்க்கிறது. நுவரெலியாவில் துகள்பனி கொட்டும் இடங்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

எனக்கு முக்கியமானது வேறு. நாம் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு பேர்ச் அளவு சின்ன நிலம்தான் நமக்கு இருக்கிறது. அதில் கோவாவும் கரட்டும் போட்டால் பாத்தி நிரம்பிவிடும். இந்தச் செடிக்கு ஒரு தூண் நிற்கும் இடம் போதும். ஆளுயரக் கொங்கிரீட் தூணின் தலையில் பழைய டயரைக் கட்டி, ஒரே தண்டை மேலே ஏற்றி, டயரைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் நாலாபக்கமும் தொங்கும். பூ வருவது அந்தத் தொங்கும் கிளைகளில்தான். பிறகு வருடாவருடம் கிளைகளை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுவதை, தேயிலையில் அதையே செய்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது மரக்கறி போட்டவர்கள் பட்ட பாடு தெரியும். இதற்கு மக்கிய சாணி போட்டாலே போதும். வேர் மேலோட்டமானது, தண்ணீர் நின்றால் அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னே தண்ணீர் வடியக் கான் வெட்டிவைத்தோம், ஒரு செடியும் சாகவில்லை.

ஆவணி மாதம் பூத்தது. மொட்டு இருட்டிய பிறகுதான் விரியும், காலை வெயில் ஏற வாடிவிடும். வெள்ளைச் சதை இனம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். சிவப்பில் பல இனங்களுக்கு வேறு இனத்து மகரந்தம் வேண்டும். அதன் சொந்த நாட்டில் வௌவாலும் அந்துப்பூச்சியும் செய்கிற வேலையை இங்கே டோர்ச் வெளிச்சத்தில் நாம் செய்தோம். வெள்ளையின் மஞ்சள் மகரந்த மாவைச் சின்னப் பிரஷ்ஷில் எடுத்து, சிவப்பின் நடுவில் நட்சத்திரம்போல விரிந்திருக்கும் சூல்முடியில் தடவ வேண்டும். பனி இறங்கிப் பிரஷ் ஈரமாகிவிட்டால் மா ஒட்டாது, துடைத்துத் துடைத்துச் செய்ய வேண்டும். தொட்ட பூக்கள் அநேகமாக எல்லாம் பிடித்தன.

இந்த இரவு வேலைக்கு முறைப்பட்டியல் போட்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒட்டியிருந்தோம். வந்தவர்கள் திரும்பத்திரும்ப அதே நாலைந்து பேர், அதிலும் கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்காமார்தான் அதிகம். பெயர் கொடுத்த ஆண்கள் ஏன் வரவில்லை என்பதை இந்தச் சபையில் சொன்னால் நல்லது. நடுவதற்கு இலவசமாகக் கொடுத்த டிராகன் தண்டுத் துண்டுகள் பல வீடுகளில் சாக்கோடு காய்ந்து கிடக்கின்றன. வெட்டுவாய் உலர நிழலில் ஒரு வாரம் வைக்கச் சொன்னோம், மாதக்கணக்கில் வைக்கச் சொல்லவில்லை. சிலர் தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் நட்டு அழுகவிட்டார்கள். இன்னொன்று: முழுதாகச் சிவக்காத பழங்களை யாரோ பறித்துப் போனார்கள். பறித்த பிறகு இந்தப் பழம் இனிப்பு ஏறாது. எடுத்தவர்களுக்கும் ருசி இல்லை, பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை.

துண்டு கிடைக்காதவர்கள் நாகதாளிக் கள்ளியை நடலாமா என்று கேட்டார்கள். அதன் பழமும் சாப்பிடக்கூடியதுதான், மெல்லிய முள்மயிரை நன்றாகப் போக்க வேண்டும். ஆனால் அது பரவினால் அடங்காது. பூந்தல பூங்காவில் ஆக்கிரமித்து நிற்கிறது. ஆகவே சங்கம் அதைக் கொடுக்காது.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு சந்தாவும் நன்கொடையும். செலவில் பெரும்பகுதி சீமெந்துக்கும் கம்பிக்கும் போனது. கையிருப்பு சொற்பம். 2022 பொருளாதார நெருக்கடியில் சந்தாவைக் கேட்க வேண்டாம் என்று நாமே தீர்மானித்தோம், அது சரியான தீர்மானம். அந்தச் சலுகை இன்றுவரை தொடர்வது சரியில்லை. பட்டியலில் பாதிப்பேர்கூட இந்த வருடம் கட்டவில்லை.

சரிவைப் பாவிக்க அனுமதித்த தோட்ட நிர்வாகத்துக்கும், டயர் தந்த கராஜ்காரருக்கும், கோயில் பரிபாலன சபைக்கும், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வரிசையை லயத்தின் மறுகோடிவரை நீட்ட எண்ணம். தூண் வார்க்க சீமெந்து வேண்டும், இரவில் பிரஷ் பிடிக்கக் கை வேண்டும். சபை விரும்பினால் இன்னுமோர் ஆண்டு இப்பொறுப்பில் இருக்கத் தயார், ஆனால் தனியாக முடியாது. மாசியில் கவ்வாத்து முடிந்ததும் துண்டுகள் கொடுப்போம். தூண் நட்டு, சந்தாப் பாக்கியும் தீர்த்தவர்களுக்கு முதலில். பெயர் பதியும் கொப்பி பொருளாளரிடம் இருக்கிறது, கூட்டம் முடிந்து போகும்போது பதியலாம்.

இங்ஙனம்,
செயலாளர்