இடுப்பை அளந்து எழுது, மகனே

கீழக்கரை

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எடை 72 கிலோதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று போனில் கேட்டாய். உன் உயரம் 170 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 24.9 வருகிறது. நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடைதான். ஆனால் என் கவலை தராசு காட்டும் எண்ணில் இல்லை. கை கால் ஒல்லியாக இருக்க, வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கிறதே, அதில்தான். அது பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பையும் கூட்டும்.

கையால் கிள்ளிப் பிடிக்க முடிகிற தோலடிக் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. குடலைச் சுற்றிப் படிவதுதான் பொல்லாதது. அங்கிருந்து வரும் ரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது; கொழுப்பு அமிலங்களையும் அழற்சி உண்டாக்கும் பொருள்களையும் கூடவே கொண்டுபோகிறது. ஈரலில் கொழுப்பு ஏறுகிறது, இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாமல் போகிறது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றுதான் இன்சுலினையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுந்தால் அமிலாய்டு தேங்கிவிடலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். பிரஷரும் சுகரும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுப்பது இன்னொரு பக்கம். தொப்பை உள்ள எல்லோருக்கும் மறதி நோய் வருவதில்லை, வாய்ப்பு கூடுகிறது. அதுவும் நடுவயதுத் தொப்பைக்கு இது அதிகம் பொருந்தும். உனக்கு இப்போது 45.

சுபுஹு தொழுதுவிட்டு, பசியாறுமுன் அளந்து பார். சட்டையைக் கழற்று. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்று. தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தோலை அழுத்தக் கூடாது. இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது பார். வயிற்றை உள்ளே இழுக்காதே. பேண்ட் சைஸ் 34 என்று சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். அதைத் தொப்பைக்குக் கீழேதானே மாட்டுகிறாய். ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. உன் உயரத்தில் பாதி 85, அதற்குள் நின்றால் இன்னும் நல்லது.

குறைப்பதற்கு முதலில் நாலு கிலோ போதும். எடை இறங்கும்போது உள்கொழுப்பு சீக்கிரம் கரையும். வயிற்றுக்கென்று தனி உடற்பயிற்சி செய்து அதைக் கரைக்க முடியாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனும் தோலடிக் கொழுப்பைத்தான் எடுக்கும். வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. ராத்திரி பத்து மணிப் பரோட்டாவை நிறுத்து. சாளை மீனைப் பொரிக்காமல் ஆணமாக, குழம்பாக வை. தொதல் பலகாரம் கருப்பட்டியில் கிண்டியது என்பதால் சீனிக் கணக்கில் வராது என்று நினைக்காதே. கருவாடு சாப்பிடும் நாளில் மற்ற உப்பைக் குறை. நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம்தான். நீ குறட்டை விடுவதாக மருமகள் சொன்னாள். இடையில் மூச்சு நின்று திணறுகிறாயா என்று அவளிடமே கேள். திணறினால் தூக்கப் பரிசோதனை செய்துவிடு. தூக்கத்தில் ஆக்சிஜன் குறைவதும் மூளைக்கு ஆகாது.

உம்மா இளைத்தது நல்லதுதான், சுகர் குறையும் என்றாய். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 71 வயதில் பட்டினி கிடக்காமலே உடம்பு வற்றினால் அது வேறு சேதி. மறதி வெளியே தெரிவதற்குச் சில வருஷம் முன்பே எடை இறங்கத் தொடங்குவதுண்டு. வாசனை தெரியாமல் போகிறது, சாப்பிட்டோமா என்பதே மறக்கிறது. வயதானவர்கள் முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை இழந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். உம்மா 60 கிலோவிலிருந்து 56-க்கு வந்துவிட்டாள். காரணம் தைராய்டாக இருக்கலாம், பல்செட் பொருந்தாததாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுவதால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அவளுக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லி போனில் புத்தி சொல்லாதே. தினமும் ஒரு முட்டையும் மதியம் இரண்டு துண்டு மீனும் கொடுக்கிறேன்.

உன் இடுப்பளவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. இரண்டு தடவை அளந்து, இரண்டையும் எழுது.

வாப்பா