அப்பா பேசியது எந்தத் துறைக்குச் சொந்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வுத் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எங்கேயாவது செய்தி வந்தால், அது விஞ்ஞானிகள் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிற ஆள் நான். போன டிசம்பர் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் என் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு பழைய சிடி என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்துவிட்டது.

2005-இல் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து (பெயர் வேண்டாம்) ஓர் இளைஞர் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் ஆங்கிலமும் மலாயும் எப்படிக் கலக்கின்றன என்பது அவர் ஆய்வு. அப்பா கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். மூன்று சனிக்கிழமை மத்தியானம் பேசினார்கள். மின்விசிறிச் சத்தம் பதிவில் விழுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வியர்த்து வழிய, அம்மா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு பேசியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் பதினாறு பேரையும் பார்க்கப்போவதாகச் சொன்னார், பார்க்கவும் செய்தார். கடைசி நாள் ஒரு சிடி கொடுத்தார். அதை அப்படியே உள்ளே வைத்துவிட்டோம். 2011-இல் அப்பா காலமானார்.

என் அக்கா மகள் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். அந்தக் காலத்தில் கப்பல்களில் வேலை செய்தவர்களின் நுரையீரல் நோய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கப்பலின் நீராவிக் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் வைத்துக் கட்டியிருப்பார்கள், பழுதுபார்க்க வருகிறவர்கள் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் குழாயையே தொட முடியும், அந்தத் தூசி செய்கிற கெடுதல் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். "தாத்தா இதப் பத்தி எதாச்சும் சொல்லியிருக்காரா மாமா?" என்று கேட்டாள். எனக்கு சிடி ஞாபகம் வந்தது.

இப்போதைய மடிக்கணினியில் சிடி போட வழியே கிடையாது. சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் அதற்கென்று ஒரு டிரைவ் வாங்கி வந்தேன். திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் என்னென்னவோ குறியீடுகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றம் பரவுவதற்கு முன்னால் புழங்கிய ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று தமிழ் திண்டாடியதைப் பேசித் தீர்க்க 1997-இல் தமிழ்நெட் மாநாடு நடந்ததே நம் ஊரில்தான், ஆனாலும் எட்டு வருடம் கழித்து இந்தக் கதி! அக்கா மகள் இணையத்தில் ஒரு மாற்றியைத் தேடி, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்தாள். அதில் அப்பா பேசுகிறார்:

"லேகிங்கப் பிச்சுப் போடுவோம், வெள்ளையா பஞ்சு மாதிரி பறக்கும், தலையெல்லாம் நரைச்ச மாதிரி ஆயிரும், மத்தியானம் அப்படியே சோத்துல கை வைப்போம்."

ஆய்வாளர் 'லேகிங்' (குழாயைச் சுற்றிக் கட்டியிருக்கும் அந்த உறை) என்ற சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு, ஓரத்தில் 'கடன்சொல்' என்று குறித்திருந்தார். அவர் தேடி வந்தது அந்தச் சொல்லை. அக்கா மகள் பார்த்தது, சோற்றில் விழுந்த அந்தப் பஞ்சை. வாக்கியம் என்னவோ ஒன்றுதான்.

சிடியில் இருந்தது முதல் சனிக்கிழமையின் ஒரு பகுதி மட்டும். அதுவும் எழுத்துவடிவம்தான், குரல் இல்லை. முழுப் பதிவையும் கேட்டு அந்தத் துறைக்கு எழுதினோம். மூன்று வாரம் கழித்து மரியாதையாகவே பதில் வந்தது: ஆய்வாளர் வெளிநாடு போய்விட்டார், ஒப்புதல் படிவத்தில் சொன்னபடி ஆய்வு முடிந்து ஐந்து வருடத்தில் பதிவுகள் அழிக்கப்பட்டிருக்கும். அப்பா ஒருவர் சொன்னதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவர் பீடி வேறு குடிப்பார். ஆனால் ஒரே பட்டறையில் வேலை செய்த பதினேழு பேர், யாரும் கேட்காமலே, தங்கள் வேலைநாளை மணிக்கணக்கில் விவரித்திருக்கிறார்களே, அது எவ்வளவு பெரிய விஷயம்! இனிமேல் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் படிவத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டியதே நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். "அப்புறம் அழிச்சிருவாங்களாம்பா" என்றேன், நல்லதுதானே என்ற நினைப்பில்.

ஒரு துறைக்காகச் சேர்த்தது இன்னொரு துறைக்குப் பொக்கிஷமாவது இப்போது புதிதாக நடப்பதில்லை. 1750 முதல் 1850 வரை ஐரோப்பியக் கப்பல் மாலுமிகள் தினமும் காற்றின் திசையையும் வேகத்தையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள், தங்கள் கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவதற்காக. ஆவணக் காப்பகங்களில் கிடந்த அவற்றை எடுத்துத்தான் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்று ஆய்வாளர்களும் பருவநிலை ஆய்வாளர்களும் சேர்ந்து அந்தக் காலத்துக் கடல்மேல் அடித்த காற்றைப் பற்றிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கினார்கள். ஐந்து வருடத்தில் எரித்துவிடு என்று அந்த மாலுமிகளுக்கு யாரும் படிவம் நீட்டவில்லை. புரதங்களின் வடிவங்களைச் சேர்த்துவைக்கும் பொதுத் தரவு வங்கி ஒன்று 1971-இல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கியது. அரை நூற்றாண்டாக உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதில் போட்டுவைத்ததைப் படித்துப் பழகி, புரத வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளை உருவாக்கியவர்களுக்குத்தான் 2024 வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு போனது.

பொருளாதாரத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று 2010-இல் ஹார்வர்டு பேராசிரியர்கள் இருவர் எழுத, அரசாங்கங்கள் அதைக் காட்டிச் செலவைக் குறைத்தன. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. கேட்டதும் அவர்கள் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுத்த சூத்திரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து டென்மார்க் வரை ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. கோப்பை அனுப்பியதற்காக அந்தப் பேராசிரியர்களைப் பாராட்டத்தான் வேண்டும், அனுப்பாமலே இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

ஆளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் முடியாது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களிடமே தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுரைக்கு வயது ஒரு வருடம் கூடக்கூட, தரவு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு சரிந்துகொண்டே போனதாம். மின்னஞ்சல் முகவரி மாறிப்போகும், கணினி கெட்டுப்போகும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2017-இலேயே ஹார்வர்டின் டேட்டாவெர்ஸ் மென்பொருளில் தனக்கென்று ஒரு திறந்த தரவுக் களஞ்சியம் தொடங்கிவிட்டது, பொறியியல்காரரும் போடலாம், மானுடவியல்காரரும் போடலாம். ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட முடியாது. இயந்திரத்தின் வெப்ப அளவைத் திறந்து வைத்தால் யாருக்கும் வலிக்கப்போவதில்லை. அப்பாவோ அந்த மூன்று மத்தியானத்தில் ஒரு மேஸ்திரியைப் பற்றி என்னென்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். அந்த மேஸ்திரியின் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டாம்.

அதற்காக அழிக்கத்தான் வேண்டுமா? நம் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவருகிறது. அங்கே சில பதிவுகளை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும். பல்கலைக்கழகங்களும் இதைச் செய்யலாமே. படிவத்தைத் தமிழில் கொடுங்கள். அழித்துவிடலாமா, பூட்டி வைக்கலாமா, இத்தனை வருடம் கழித்துத் திறக்கலாமா, வேறு துறையினர் கேட்டால் கொடுக்கலாமா என்று பேசியவரிடமே கேளுங்கள். குடும்பத்துக்கு ஒரு பிரதி, அதுவும் குரலோடு. பூட்டி வைத்ததற்கும் வெளியே ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும்: யார் பேசியது, எந்த வேலை பார்த்தவர், எந்த மொழி, எதையெல்லாம் பற்றி. அந்தச் சீட்டில் 'பேச்சுத்தமிழ்' என்று மட்டும் இருந்தால் என் அக்கா மகள் அதை எந்த ஜென்மத்திலும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டாள், 'கப்பல் பட்டறை' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அகப்படும்.

ஆய்வாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு நாள் போய்விடும், அப்படி மாடாக உழைத்துச் சேர்த்ததைத் தான் எழுதி முடிப்பதற்குள் வேறொருவர் எடுத்துக்கொண்டால் வயிறு எரியாதா? அதற்குத்தான் களஞ்சியங்களில் குறிப்பிட்ட காலம் மூடிவைக்க வசதி இருக்கிறது. தரவுத்தொகுப்புக்குத் தனி அடையாள எண் கொடுப்பதால், எடுத்துப் பயன்படுத்துகிறவர் அதைச் சேர்த்தவரின் பெயரைச் சொல்ல வழி இருக்கிறது. பதவி உயர்வு கொடுக்கிறவர்கள் அதையும் ஒரு வேலையாக எண்ணுகிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான், எண்ணாத வரை எந்த ஆய்வாளரும் இதற்கு மெனக்கெடப் போவதில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்த தம்பி எந்த நாட்டில் இருக்கிறாரோ, இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படிவத்தில் சொன்னபடி அழிக்காமல், மறந்துபோய் எங்கேயாவது ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் விட்டு வைத்திருந்தால், நாங்கள் கோபப்பட மாட்டோம். அதே புளோக், அதே வீடு, அம்மாவும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பர், ஈசூன்