திரும்பி வரும் தூரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு வேளையும் ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறாள். மாடிப் போர்ஷன் காலியாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

நீ பேசி இன்றோடு 19 நாள். வேலை இருந்திருக்கும். தம்பி போன வாரம் ஏதோ சொன்னான், நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அம்மாவின் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங், நீ இப்போது விமானத்தோடு தங்கியிருக்கும் அதே கனடாக் காண்டரிலிருந்து கிளம்பித்தான் இறந்துபோனார் என்பது உனக்குத் தெரியுமா? 1941 பிப்ரவரி 20, இரவு. பிரிட்டனில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஹட்சன் விமானத்தில் அவர் பயணி. கடலுக்கு மேல் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு எஞ்சின் நின்றது. விமானி மேக்கி உடனே திருப்பினார். காண்டர் வந்து சேருவதற்குள் இன்னொரு எஞ்சினும் கைவிட்டது. மஸ்க்ரேவ் ஹார்பர் பக்கம் பனிக்காட்டில் விழுந்தார்கள். நேவிகேட்டரும் ரேடியோக்காரரும் அங்கேயே போய்விட்டார்கள். பான்டிங் மறுநாள். மேக்கி மட்டும் பிழைத்தார். எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கிற ஆயில் கூலரில் தொடங்கிய கோளாறு அது.

மேக்கி திருப்பியதில் தப்பே இல்லை. அவர் திருப்பியதால்தான் விமானம் தரையில் விழுந்தது, ஓர் ஆளாவது உயிரோடு வந்தார். நேரே போயிருந்தால் நாலு பேரும் அட்லாண்டிக்கில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே.

ஆயில் கூலர் உனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கடுங்குளிரில் கூலருக்குள் இருக்கும் ஆயில் மார்கழிக் காலை நெய் மாதிரி உறைந்துவிடும். சூடான ஆயில் அதன் வழியே போக முடியாமல், குளிராமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். அதனால் ஆயில் சூடு காட்டும் முள் ஏறும். அதைப் பார்த்துக் கூலருக்கு இன்னும் காற்றைத் திறந்துவிட்டால் உறைவது அதிகமாகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: காற்றை அடைக்க வேண்டும். உன் விமானத்தில் அடைக்கிற வசதி இல்லையென்றால், தயாரிப்பாளர் அனுமதித்த குளிர்காலத் தகட்டைக் கிளம்பும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். எஞ்சின் மூச்சுவிடுகிற பிரீதர் குழாயையும் பார். எஞ்சினிலிருந்து வரும் ஈரம் அதன் வாயில் உறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, முன்பக்க சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் முழுக்க வெளியே போய்விடும். குழாயில் மேலே தள்ளி ஒரு சின்ன மாற்றுத் துளை இருக்கும். அது எஞ்சின் மூடியான கவுலிங்குக்கு உள்ளே, கதகதப்பான இடத்தில் இருக்கிறதா, அடைபடாமல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். மெக்கானிக் பார்த்தாயிற்று என்று சொன்னாலும் நீ பார்.

போர்க்காலத்தில் அந்தக் கடல் வழியைத் தொடங்கி வைத்தவர் பென்னட். 1940 நவம்பர் 10 அன்று காண்டரிலிருந்து ஏழு ஹட்சன்களைக் கூட்டிக்கொண்டு போனார், ஏழும் போய்ச் சேர்ந்தன. பான்டிங் விழுந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. ஏழும் சேர்ந்ததைத்தான் பார்க்கிற எல்லாரிடமும் சொல்வேன். போன மாதம் உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தில்கூட, ஒத்தை எஞ்சினில் அட்லாண்டிக்கைத் தாண்டுகிறாள் என் பெண் என்று பந்தியில் இருந்தவர்களை எல்லாம் எழவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். "போய்ச் சேர்ந்தாளா?" என்று இப்போது அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 19 நாள்.

கணக்குக்கு வருகிறேன். ரிசர்வைத் தனியே எடுத்து வைத்தபின் 12 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று வை. வேகம் 130 நாட், அதாவது மணிக்கு 130 கடல் மைல், பின்காற்று 20. போகும்போது 150, திரும்பினால் 110. பாதி நேரம், அதாவது 6 மணி வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று மனசு சொல்லும். 6 மணியில் 900 மைல் போயிருப்பாய். அதே 900 மைலைத் திரும்பி வர 8 மணி 11 நிமிடம் வேண்டும், கையில் இருப்பது 6. சரியான கணக்கு 12 பெருக்கல் 110, வகுத்தல் 260. 5 மணி 5 நிமிடம், 762 மைல். முகத்தில் அடிக்காமல் முதுகில் தட்டும் காற்றுதான் திரும்ப வேண்டிய நேரத்தை முன்னுக்கு இழுக்கும். அந்த 12 மணியும் டேங்கில் இருப்பதை வைத்துப் போட்ட கணக்கு, குழாயில் வருவதை வைத்து அல்ல. தூரப் பயணத்துக்கென்று கேபினில் வைத்த ஃபெரி டேங்கின் வென்ட், அதாவது காற்று உள்ளே வரும் குழாய், மடங்கினாலோ உறைந்தாலோ பாதி டேங்க் எரிபொருள் உன் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும், எஞ்சினுக்கு வராது. முதல் ஒரு மணி நேரம் இறக்கை டேங்கில் போ, இடம் காலியாகட்டும். கரை கண்ணுக்குத் தெரியும்போதே ஃபெரி டேங்கைத் திறந்து, இறக்கை டேங்கின் முள் ஏறுகிறதா என்று பார். ஏறவில்லையென்றால் அங்கேயே திருப்பு.

கிரீன்லாந்தில் 1942 ஜூலை 15 அன்று நடந்ததும் திரும்புகிற கதைதான். பி-38 போர் விமானம் ஆறு, பி-17 குண்டுவீச்சு விமானம் இரண்டு, ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நோக்கிப் போனவை. முன்னால் வானிலை கெட்டது, திருப்பினார்கள். பின்னாலும் தளம் மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. எரிபொருள் முடியும் நேரத்தில் பனிப்பாளத்திலேயே இறக்கினார்கள். முதல் ஆள் சக்கரத்தைக் கீழே விட்டு இறக்கி, சக்கரம் பனியில் புதைந்து, விமானம் குப்புறக் கவிழ்ந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் சக்கரத்தை உள்ளேயே வைத்து வயிற்றால் சறுக்கினார்கள். 25 பேரும் பிழைத்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கியதால் பிழைத்தார்கள். விமானங்களைப் பனி விழுங்கிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1992-ல், 80 மீட்டர் ஆழத்திலிருந்து ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். விமானம் போனால் போகட்டும், இன்சூரன்ஸ் இருக்கிறது.

ஏமி ஜான்சன் பெயரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் நீல நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்த படம். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தனியாகப் போனவர், 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்கு ஓர் ஆக்ஸ்ஃபோர்டு விமானத்தைக் கொண்டு சேர்க்கப் புறப்பட்டார். ஒன்றரை மணி நேரத் தூரம். கிளம்பியது 11.49-க்கு. ஏறத்தாழ நாலு மணி நேரம் கழித்து, போக வேண்டிய இடத்துக்கு வெகு தொலைவில், தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டோடு இறங்கினார். காப்பாற்றக் குதித்த கப்பல் தலைவர் ஃப்ளெட்சரும் குளிரில் இறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. அந்தப் பணியில் இருந்தவர்களுக்கு ரேடியோ கிடையாது. தரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மேகம் 800 அடிக்கு மேலும் பார்வைத் தூரம் 2,000 கெஜமும் இருந்தால்தான் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. கிளம்புவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு. முந்தின இரவு சகோதரி வீட்டில்தான் தங்கியிருந்தார். இன்னொரு நாள் தங்கியிருந்தால் கேட்க ஆளில்லை.

குளிர்த் தண்ணீரில் உடம்பைக் காக்கிற இமர்ஷன் சூட்டை இடுப்பு வரை மாட்டிக்கொண்டு, மேலே தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காராதே. ஜிப் கழுத்து வரை. அந்தத் தண்ணீரில் விரல்கள் சில நிமிடத்தில் சொன்னபடி கேட்காது.

டாம்ப்கின்ஸ் என்ற பெண் விமானியும் இருந்தார். 1944 அக்டோபர் 26, லாஸ் ஏஞ்சலஸ், புத்தம்புது பி-51 போர் விமானம். காக்பிட் மூடி சரியாக மூடவில்லை. அதைச் சரிசெய்ததில் தாமதம், கூட வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள், இவர் சாயங்காலம் தனியாகப் பாம் ஸ்பிரிங்ஸுக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. காகிதக் குளறுபடியில் மூன்று நாள் கழித்துத்தான் தேடவே தொடங்கினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்று நாள், பாப்பா. ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆயில் கூலரைப் பார். டேங்க் வென்ட்டைப் பார்.

தம்பி சொன்னது என் காதில் விழுந்தது. சரியாகவே விழுந்தது. ஐந்தாம் தேதி நீ பாதியில் திருப்பிக் காண்டருக்கே வந்துவிட்டாயாம். அப்பாவிடம் சொல்லாதே என்றாயாம். எதற்காகச் சொல்ல வேண்டாம் என்றாய் என்று எனக்குத் தெரியும். எடுத்ததை முடிக்காமல் வீட்டுப் படி ஏறாதே என்று அந்த நீல நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தது என் கை. ஹாஸ்டலிலிருந்து ராத்திரி வந்து நின்றவளைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பியதும் நான்தான். அம்மா அன்றைக்கு வாசலிலேயே நின்றாள். மேக்கி செய்ததைச் சரி என்று எழுதத் தெரிந்தவனுக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

மறுபடி கிளம்பும் முன்பு காம்பஸைச் சரிபார்க்கச் சொல். டேங்கும் ரேடியோவும் புதிதாக வைத்த பிறகு அது மாறியிருக்கும். அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், மூடியை டேப் போட்டுச் சுற்றியிருக்கிறேன், நிமிர்த்தியே வை. இறங்கினதும் ஒரு மிஸ்டு கால் கொடு. எந்த ஊரில் இறங்கினாய் என்று கேட்க மாட்டேன்.

அப்பா